நான்கு எழுத்தை வைத்துத் தொழிலும் நோயும் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் 'உங்கள் ஆளுமை வகை எது, அதற்கேற்ற தொழில் எது' என்று ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். பதினாறு கட்டம், ஒவ்வொன்றிலும் நான்கு ஆங்கில எழுத்து, பக்கத்தில் தொழில்கள், கீழே இந்த வகையினருக்கு மனச்சோர்வு வரும், அந்த வகையினருக்குப் பதற்றம் வரும் என்று ஒரு குறிப்பு. திங்கட்கிழமை நான் வகுப்புக்குப் போவதற்குள் தரம் 11 பிள்ளைகள் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, யார் யார் என்ன வகை என்று பட்டியலும் போட்டு முடித்துவிட்டார்கள். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே தொழில் வழிகாட்டலும் பார்க்கிறவள் நான். அதனால்தான் எழுதுகிறேன், சும்மா குறை சொல்ல இல்லை.

அந்தப் பதினாறு வகை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஒரு வரி கூடப் போடவில்லை. 1921இல் சுவிஸ் நாட்டு உளவியலாளர் கார்ல் யுங் எழுதிய நூலின் கருத்துகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற மகளும் உண்டாக்கிய மையர்ஸ்-பிரிக்ஸ் (எம்.பி.டி.ஐ.) கேள்வித்தாள் அது. கேள்வித்தாளாக உருவெடுத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். இருவரும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. சரி, படிக்காதவர் செய்தால் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது ஆட்களை நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது, நம்மில் பெரும்பாலானோர் நிற்பதோ அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தான், அதனால் சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் பல பேருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. ஆளை வேலைக்கு எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தச் சோதனையின் சொந்த நிறுவனமே சொல்கிறது. அதை வைத்துப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏ.எல். (உயர்தர) பாடம் சொல்வதா?

'அப்படியே என்னைப் பற்றி எழுதின மாதிரி இருக்கு டீச்சர்' என்கிறார்கள். இருக்கும். 1948இல் பேர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள், அதில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்து வரிகள். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட புள்ளி சராசரியாக 5க்கு 4.26. உங்கள் பத்திரிகையில் ராசிபலன் நானும் படிக்கிறவள்தான், ஆனால் அதைப் பார்த்து வணிகப் பிரிவா கலைப் பிரிவா என்று முடிவெடுக்க யாரும் சொல்வதில்லையே.

தொழிலுக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஐந்து பண்பு என்று இன்று ஆய்வாளர்கள் அதிகம் நம்புகிற அளவீட்டில் ஆட்களைப் பெட்டியில் போடுவதில்லை, கூடக்குறைய என்று அளக்கிறார்கள். அதில் பொறுப்போடு செய்து முடிக்கும் பண்பு கூடியவர்கள் எந்தத் தொழிலிலும் ஓரளவு நன்றாகச் செய்கிறார்கள் என்று 1991இல் பாரிக், மவுண்ட் என்ற இருவர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். ஓரளவு, அவ்வளவுதான். இன்ன குணத்துக்கு இன்ன வேலை என்ற பட்டியல் இல்லை அது.

அப்புறம் கேள்விகளைப் பாருங்கள். 'தனியாக இருக்கும்போது புத்துணர்ச்சி கிடைக்கிறதா?' 10க்கு 12 அடி லயத்துக் காம்பிராவில் ஏழு பேரோடு படுத்து எழும்புகிற பிள்ளை இதற்கு என்ன எழுதும்? 'விருந்துகளில் புதியவர்களுடன் பேசுவீர்களா?' எந்த விருந்தில்? டவுனில் ஒரு கந்தோருக்குப் போய்ச் சிங்களத்தில் பேச வேண்டி வந்தால் வாயே திறக்காத ஒரு பையன் எங்களிடம் இருக்கிறான், அவனே காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டினால் விடிய விடிய ஊர் முன்னால் ஆடுவான். அவனை எந்தக் கட்டத்தில் போடுவது?

மலையகத்தில் பிள்ளை என்ன ஆகும் என்பதைப் பிள்ளையின் வகையைவிடப் பாடசாலையின் வகை அதிகம் தீர்மானிக்கிறது, இதைச் சொல்லாமல் தொழில் பக்கம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏ.எல். விஞ்ஞானம், கணிதம் இருப்பது 1ஏபி பாடசாலையில். 1சி என்றால் கலையும் வணிகமும். இரண்டாம் வகை என்றால் தரம் 11 வரைதான். இரண்டாம் வகைப் பாடசாலையில் படிக்கிற பிள்ளைக்கு 'ஆய்வாளர்' என்று உங்கள் கட்டம் சொன்னால், அந்தப் பிள்ளை தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கிற இடத்தைத் தேடி பஸ் ஏற வேண்டும், அல்லது யார் வீட்டிலாவது தங்க வேண்டும், அந்தச் செலவு தாளில் வராது. 'கலைஞர்' என்று வந்த பிள்ளை கொழும்பில் புடவைக் கடையில் நிற்கப் போகிறது என்றால் அது அதன் குணத்தால் இல்லை.

இனி அந்தக் கீழ்க்குறிப்பு. எனக்கு அதிகக் கோபம் வந்தது அதில்தான். எளிதில் கலங்குகிற, கவலைப்படுகிற பண்பு கூடியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் காணப்படுவது உண்மை, ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆனால் நோயில் இருக்கும்போது எழுதினால் அந்தப் புள்ளி தானாகவே ஏறும். அந்தப் பண்பு கூடியவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதும் இல்லை. பேசாமல் இருக்கிற குணம் வேறு, நன்றாக இருந்த பிள்ளை மாறிப்போவது வேறு. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை, அம்மா வெளிநாடு போனபிறகு சாப்பாடு குறைந்து, தூக்கம் போய், நெட்போல் விட்டு, கொப்பியும் திறக்காமல் இருந்தாள். என்ன என்று மற்றப் பிள்ளைகளைக் கேட்டால், 'அவ ஐ.என்.எஃப்.பி. டீச்சர், அப்படித்தான் இருப்பா' என்கிறார்கள்! உங்கள் பதினாறு வகையில் ஒன்று அது. கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அது விளக்கம் என்று நம்புகிறார்கள். வீட்டில் பாட்டியும் 'அவ சுபாவம்' என்றுதான் விட்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக ஒவ்வொரு நாளும் மனம் விழுந்து, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால் வைத்தியரிடம் காட்ட வேண்டும், இது எந்த வகையினருக்கும் பொருந்தும். அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வீட்டாரைச் சம்மதிக்க வைத்ததே பெரும்பாடு, மனநலம் என்ற உடனே 'அங்கொடைக்கா அனுப்பப் போறீங்க' என்று, அங்குள்ள பெரிய மனநல வைத்தியசாலையை நினைத்துத்தான் கேட்டார்கள். இப்போது கிளினிக் போய் வருகிறாள். பரவாயில்லை.

ஆகவே என் வேண்டுகோள், அடுத்து ஒரு முழுப்பக்கம் கிடைத்தால் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தமிழ்மொழியில் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் படிக்க எந்தெந்தப் பாடசாலையில் இடம் இருக்கிறது, என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பயிற்சிகளுக்கு எப்போது விண்ணப்பம் கேட்கிறார்கள், எந்த வைத்தியசாலையில் எந்தக் கிழமை மனநலக் கிளினிக், அங்கே தமிழில் பேச ஆள் இருக்கிறதா என்று விசாரித்துப் போடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐயும் சேர்த்துப் பெரிதாகப் போடுங்கள். விண்ணப்பத் திகதி முடிந்த பிறகு வந்தால் பிரயோசனம் இல்லை, கொஞ்சம் முன்கூட்டியே வரட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
ஹட்டன்.