உன் பள்ளிக்கூடத்து மனநல வகுப்பு பற்றி

கண்ணு,

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மனநலம் பற்றிச் சொல்லித்தரப் போவதாக எழுதியிருந்தாய். உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று ஒரு டாக்டரைக் கூப்பிட்டு, மைதானத்தில் மொத்தப் பள்ளியையும் உட்காரவைத்துப் பேசச் சொல்வதுதான் திட்டம் என்றால் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கேள்வித்தாள் மூலம் ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது, பிள்ளைகளுக்கே வகுப்பு என்று மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சி குறைந்திருந்தது மூன்றாவதில்தான். நான்கு வாரத்தில் 5 மணி நேரம். அதில் 3 மணி நேரம் பிள்ளைகளே நடித்துப் பார்த்தார்கள். நடத்தியவர்கள் வெளியாட்கள். மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை மனசு திறக்காது, அதனால் உன் வகுப்புக்கு நீ போகாதே. பக்கத்துப் பள்ளி ஆசிரியையோடு மாற்றிக்கொள்.

நடிப்பை இப்படி நடத்தச் சொல். ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் தனியாக ஒதுங்குகிறாள், இன்னொருத்தி போய்ப் பேசுகிறாள். முதல் தடவை எல்லாரும், "கவலைப்படாதடி, எல்லாம் சரியாயிடும்" என்றுதான் சொல்வார்கள். அங்கேயே நிறுத்தி, ஒதுங்கியவளிடம், "இதுக்கப்புறம் பேசணும்னு தோணுச்சா?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் இல்லை என்பாள். அடுத்த தடவை, கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேட்கட்டும்: "ரெண்டு வாரமா எங்களோட சாப்பிட வர்றதில்ல, என்னாச்சு?" கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை பேசக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம், திரும்பத் திரும்பப் பழக்கு.

பிறகு, "செத்துடலாம்னு தோணுதா?" என்ற கேள்வியையும் ஒருமுறையாவது வாய்விட்டுக் கேட்டுப் பழகட்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று ஆசிரியர்கள் பயப்படுவார்கள். ஊட்டாது, ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டிவிட்டன. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யக் கூடாது. "உன்னைத் தனியா விடமாட்டேன், வா, டீச்சர்கிட்ட போலாம்" என்பதுதான் சரி.

தற்கொலை செய்துகொண்டவர்கள் எப்படிச் செத்தார்கள் என்ற விவரம் வகுப்பில் வரவே கூடாது. சொந்தக் கதையை எல்லார் முன்னாலும் சொல்லவைப்பதும் ஆகாது. யாராவது அழுதால் கூடவே வெளியே போக இரண்டாவது ஆள் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், டீச்சர்கிட்ட வந்த பிள்ளையை அடுத்து எங்கே அனுப்புவது என்று முடிவு செய். அது இல்லாமல் வகுப்பு எடுத்தால், பேச வந்த பிள்ளை அந்தரத்தில் நிற்கும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று நேரில் போய்க் கேள். அரசின் மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் அடி உதை, தொந்தரவு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதவை.

பெற்றோர் கூட்டத்தில் நோயின் பெயரில் ஆரம்பித்தால், பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிறார்கள் என்று எழுந்து போய்விடுவார்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு என்று ஆரம்பி. இவை இரண்டு வாரம் தொடர்ந்து கெட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்.

என்னைக் கேட்டால் பிளஸ் டூ தாமதம். மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கேட்டு வாங்கு. இந்த வருஷப் பிள்ளைகளுக்குக் கடைசி வகுப்பை ரிசல்ட்டுக்காக ஒதுக்கு. துணைத் தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று முன்கூட்டியே காட்டிவிடு. ரிசல்ட் வரும் அன்றைக்கு யாரும் தனியாக இருந்து பார்க்காமல் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடு, வீட்டிலும் ஒரு பெரியவர் கூட இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா