செவலைக்கும் அவளைச் சுற்றி நின்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

செவலை என்ற குதிரையில் ஏறி நான் கலந்துகொண்ட முதல் டிரெஸ்ஸாஜ் போட்டி, அதாவது குதிரையைக் குறித்த வரிசைப்படி நடத்திக் காட்டும் போட்டி, நல்லபடியாக முடிந்தது. மொத்த மதிப்பெண் 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அடுத்த படியைப் பற்றி யோசிக்கலாம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு வழக்கமாக எதிர்பார்க்கும் அளவு அதுதான். செய்தி கேட்ட அத்தனை பேரும் என்னை வாழ்த்தினீர்கள். ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் மதிப்பெண் தாள் கைக்கு வந்ததிலிருந்து அதை எடுத்து எடுத்துப் படிக்கிறேன்; எந்த வரியைப் பார்த்தாலும் வேறு யாரோ ஒருவருடைய உழைப்பு கண்ணில் படுகிறது. அதை எல்லோரும் அறியச் சொல்லவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டீர்கள், அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

இந்த விளையாட்டைப் பார்த்திராத உறவினர்களும் இதைப் படிப்பீர்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட களம். பெரிய போட்டிகளில் நீளம் 60 மீட்டர். ஓரங்களில் ஆங்கில எழுத்துப் பலகைகள் இருக்கும். ஏ என்ற இடத்தில் நுழைந்து, நடுக்கோட்டில் வந்து, எக்ஸ் என்கிற மையத்தில் குதிரையை நிறுத்தி, எதிரே சி-யில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு வணக்கம் செலுத்த வேண்டும். அப்புறம் முன்பே எழுதிவைத்த வரிசைப்படி நடை, டிராட் எனும் துள்ளோட்டம், வட்டம், திசைமாற்றம் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். 5 என்றால் போதுமானது, 6 திருப்தி, 7 ஓரளவு நன்று, 8 நன்று. வேகத்துக்கும் உயரத்துக்கும் இங்கே வேலை இல்லை. குதிரை எவ்வளவு சீராக, இறுக்கம் இல்லாமல், விருப்பத்தோடு நடக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

முதல் நன்றி செவலையைக் கொடுத்த அக்காவுக்கு. புதிய ஆளுக்குப் பழகிய குதிரை, புதிய குதிரைக்குப் பழகிய ஆள் என்பது லாயத்தில் எல்லோரும் மதிக்கிற விதி. ஆனால் பழகிய குதிரையை வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட்டுக் கொடுப்பது அரிது. செவலை என்னைவிட எத்தனையோ படி மேலே உள்ள போட்டிகளைப் பார்த்தவள். கற்றுக்கொள்கிற ஒருவர் மேலே உட்கார்ந்தால் அவளுடைய முதுகும் வாயும்தான் முதலில் சிரமப்படும். அது தெரிந்தும் அக்கா கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான்: அவள் சோர்ந்தாலோ முதுகை இறுக்கினாலோ அன்றைக்கு அத்தோடு முடித்துவிட வேண்டும், போட்டியாக இருந்தாலும் சரி. குதிரையின் மேல் இத்தனை அக்கறை உள்ளவர் என்னையும் நம்பினார் என்பது எனக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிது.

அடுத்து பயிற்சியாளர். ஐயா, மாதக்கணக்கில், கால் வைக்கும் அங்கவடியைக் கழற்றி வைத்துவிட்டு, செவலையை நீள வாரில் பிடித்து உங்களைச் சுற்றி வரச் செய்தீர்கள். லகானும் என் கையில் இல்லை. இடுப்பும் உட்காரும் எலும்புகளும் குதிரையின் முதுகோடு சேர்ந்து அசைய வேண்டும், கை அதற்குப் பிறகுதான் என்றீர்கள். அப்போது நீங்கள் சொன்ன லிஸ் ஹார்டெலின் கதையை நான் மறக்கவே மாட்டேன். டென்மார்க்கைச் சேர்ந்த அவருக்குப் போலியோவால் முழங்காலுக்குக் கீழே இயக்கம் இல்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் பெண்களை முதல்முறையாக டிரெஸ்ஸாஜில் அனுமதித்தார்கள். அந்த முதல் வாய்ப்பிலேயே ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். கீழ்க்காலின் உதவியே இல்லாமல் உடல் எடையாலும் அமர்வாலும் ஒரு குதிரையோடு பேச முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம் என்றீர்கள். நான் அந்தக் கதையில் இன்னொன்றையும் பார்க்கிறேன். அவரைத் தூக்கிக் குதிரையில் ஏற்றிவிட்ட கைகள் இருந்தன. ஒவ்வொரு நாளும் இருந்தன. இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது அவர்களைத்தான் நினைத்தேன்.

தாளில் எனக்கு வந்த மிக நல்ல மதிப்பெண் 7. அது கிடைத்தது லகானைத் தளர்த்திவிட்டு நடக்கும் பகுதிக்கு. பார்க்க மிக எளிதாகத் தெரியும். குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்ட வேண்டும், முதுகு தளர வேண்டும், பின்னங்கால் முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழ வேண்டும். அதே நேரத்தில் சோம்பலாகவும் போகக் கூடாது. இதற்கு மதிப்பெண்ணை இரண்டால் பெருக்குவார்கள், ஏனென்றால் இதை நடிக்க முடியாது. பயந்த குதிரை தலையைத் தாழ்த்தாது. நடுவரின் குறிப்பில் “நம்பி நீட்டுகிறது” என்று இருக்கிறது. லாயத்து அண்ணா, அந்த நம்பிக்கையை வளர்த்தது நீங்கள். பயிற்சி முடிந்ததும் செவலையை நேரே கொட்டிலில் அடைக்காமல், லகானை விட்டுவிட்டு வெளியே ஒரு சுற்று நடத்திக் கூட்டிவருவீர்கள். மழை பெய்தாலும் விடமாட்டீர்கள். வேலை முடிந்தால் கழுத்தை நீட்டலாம், யாரும் வாயைப் பிடித்து இழுக்க மாட்டார்கள் என்று அவள் உடம்புக்குள்ளேயே பதிந்துவிட்டது. 7-ஐ இரண்டால் பெருக்கி 14. அந்தப் பதினான்கும் உங்களுடையது.

இன்னொன்றும் அண்ணாவுக்குச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நீங்கள் அவளோடு பேசிக்கொண்டே இருப்பீர்கள். களத்துக்குள் குதிரையோடு பேசக் கூடாது, குரல் கொடுத்தால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்ததும், நான் ஏறியிருக்கும் நேரத்தில் மட்டும் நீங்களும் வாயை மூடிக்கொண்டு வேலியோரம் நின்றீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வட்டத்துக்கு 6.5. இருபது மீட்டர் வட்டம் வரைவது குதிரை மேலிருந்து பார்த்தால் புலப்படாத விஷயம். ஏ-யில் தொடங்கும் வட்டம் எக்ஸ் வழியாகப் போக வேண்டும். இரண்டு நீளப் பக்கங்களையும் மூலையிலிருந்து சரியாக 10 மீட்டரில் தொட வேண்டும், அதாவது எஃப், கே பலகைகளிலிருந்து 4 மீட்டர் தள்ளி. பலகை இல்லாத அந்த இடத்தைக் கண்ணுக்குப் பழக்க, தம்பி ஒருவன் ஒவ்வொரு வாரமும் நாடாவும் கூம்புகளுமாக வந்து நான்கு புள்ளிகளையும் அளந்து வைத்தான். பிறகு ஒவ்வொரு கூம்பாக எடுத்துவிட்டான். போட்டியன்று கூம்பு எதுவும் இல்லை, ஆனால் நான்கும் என் கண்ணுக்குத் தெரிந்தன. நீ இன்னும் போட்டிக்குப் போகும் வயதை எட்டவில்லை, தம்பி. எட்டும்போது உனக்கு அளந்து வைக்க நான் வருவேன்.

இப்போது வரிசையை வாசித்த தோழி. தொடக்கநிலைப் போட்டிகளில் வரிசையை மனப்பாடமாகச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே நின்று ஒருவர் உரக்க வாசிக்கலாம். எழுதியிருப்பதை மட்டும்தான் வாசிக்க வேண்டும். “மெதுவாக”, “நிமிர்ந்து உட்கார்” என்று ஒரு சொல் கூடினாலும் அது வெளியுதவி ஆகிவிடும். இந்த வேலையின் அருமை களத்துக்குள் இருந்தால்தான் புரியும். டிராட்டில் போகும் குதிரை 40 மீட்டர் நீளப் பக்கத்தைப் பத்துப் பன்னிரண்டு வினாடியில் கடந்துவிடும். சீக்கிரம் வாசித்தால் செய்துகொண்டிருக்கிற அசைவு குலையும், தாமதித்தால் திரும்ப வேண்டிய பலகை பின்னால் போய்விடும். அதோடு பி, சி, ஈ மூன்றும் காற்றில் ஒன்று போலவே கேட்கும். தோழி, நீ எனக்காகக் குதிரையின் அடிகளை எண்ணக் கற்றுக்கொண்டாய். களத்துக்கு வெளியே, நீளப் பக்கத்தின் நடுவில் நின்று, நான் உன் பக்கம் வரும்போது ஒரு அளவிலும், எதிர்ப்பக்கம் இருக்கும்போது வேறு அளவிலும் குரலை வைத்தாய். அன்று வீசிய காற்றில்கூட ஓர் எழுத்து தவறவில்லை. போட்டி முடிந்து நீ கையில் இருந்த தாளை மடித்தபோதுதான் உன் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். குரலில் அந்த நடுக்கம் துளியும் இல்லை. எனக்காக இப்படி நின்றாயே, இதை எப்படித் திருப்பித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

சாம்பல் குதிரையில் வந்திருந்தவரே, உங்களை எனக்கு முன்பின் தெரியாது. ஆனாலும் அன்றைய நாளில் மிக முக்கியமான உதவி உங்களிடமிருந்து வந்தது. தயார்ப்படுத்தும் இடத்தில் ஒரு விரிப்பு காற்றில் படபடத்ததும் செவலை அப்படியே நின்றுவிட்டாள். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட முழுச் சுற்றையும் பார்க்கும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும்தான் பார்வை எட்டாது. அதனால் ஓரத்தில் அசைகிற எதுவும் அதற்குப் பெரிய விஷயம். அதட்டினால் பயம் கூடத்தான் செய்யும். கூட்டமாக வாழும் விலங்குக்குத் துணைதான் மருந்து. நீங்கள் ஒன்றும் பேசவில்லை. உங்கள் குதிரையை அந்த விரிப்புக்கும் செவலைக்கும் நடுவில் கொண்டுவந்து, அவளுக்கு இணையாக நடத்தினீர்கள். இரண்டு சுற்று வந்ததும் அவள் காதுகள் தளர்ந்தன, மூச்சை நீளமாக விட்டாள். அதே பிரிவில் என்னோடு போட்டியிட வந்தவர் நீங்கள். எனக்கு அடுத்ததே உங்கள் முறை. உங்கள் குதிரையைத் தயார்செய்ய வேண்டிய நேரத்தை எனக்காகச் செலவழித்தீர்கள். மணி அடித்தால் 45 வினாடிக்குள் உள்ளே நுழைந்தாக வேண்டும் என்பதால் நின்று நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. இதோ சொல்கிறேன். நன்றி, மனதார நன்றி.

முந்தின மாலை களத்தை அமைத்தவர்களைப் பலரும் கவனித்திருக்க மாட்டீர்கள். பக்கங்களை அளந்தால் மட்டும் போதாது, மூலைகள் நேராக இருக்க வேண்டுமே. மூலைக்கு மூலை குறுக்காக 44.72 மீட்டர் இரண்டு பக்கமும் ஒத்துவரும் வரை அவர்கள் நாடாவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பிடித்தார்கள். நடுக்கோட்டுக்கு எனக்குக் கிடைத்த 6 அந்த நேரான களத்தில் கிடைத்தது. லாடம் அடிப்பவரும் அப்படித்தான். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஒரு லாடம் ஆடுகிறது என்று சொல்லி அனுப்பியதும், தன் விடுமுறை நாளில் வந்து இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கால்நடை மருத்துவருக்கும், சேணம் முதுகில் பொருந்துகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்து உள்ளே பஞ்சு சேர்த்துக் கொடுத்தவருக்கும், விடியும் முன்பே வந்து பிடரியைப் பின்னிவிட்ட இரண்டு சிறுமிகளுக்கும் என் நன்றி.

நடுவரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தனியாக ஒரு நன்றி. நடுவர் கண்ணை எடுக்காமல் குதிரையைப் பார்த்துக்கொண்டே மதிப்பெண்ணும் குறிப்பும் சொல்லிக்கொண்டு போவார். அடுத்த அசைவு தொடங்குவதற்குள் அதைச் சரியான கட்டத்தில் எழுதிவிட வேண்டும். சொந்தக் கருத்து ஒன்றும் சொல்லக் கூடாது. நாள் முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக. இன்றைக்கு நான் ஒவ்வொரு வரியையும் தெளிவாகப் படித்துப் பாடம் கற்க முடிகிறது என்றால் அது உங்கள் கையெழுத்தால்தான்.

நடுவருக்கும் நன்றி. கடைசி வணக்கத்துக்குப் பிறகு தலையசைத்துப் புன்னகைத்தீர்கள். தாளின் அடியில் “அமைதியான இணை, வட்டத்தில் உள்பக்கக் காலை இன்னும் பயன்படுத்தவும்” என்று எழுதியிருக்கிறீர்கள். மறுநாளே அதில் வேலை தொடங்கிவிட்டோம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது? விடுமுறை நாட்களையெல்லாம் லாயத்துக்குக் கொடுத்துவிட்டேன், நீங்கள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. குதிரை என்றாலே பயப்படும் அம்மா, போட்டியன்று வேலிக்கு அருகே வந்து நின்றீர்கள். செவலை உங்கள் உள்ளங்கையை முகர்ந்தபோது கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

செவலைக்கு இந்த மடல் புரியாது. அவளுக்கான நன்றியைப் போட்டி முடிந்ததும் சேணத்தை இறக்கி, முதுகைத் தேய்த்து, கால்களில் குளிர்ந்த நீர் ஊற்றிச் சொன்னேன். ஒரு வாரம் அவளுக்கு முழு ஓய்வும் கொடுத்தோம்.

மதிப்பெண் தாளின் நகலைச் சேண அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த வரிக்கு உரியவர் யார் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். யாரையாவது விட்டிருந்தால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அடுத்த போட்டியில் நான் குதிரை ஏறவில்லை. களம் அமைக்கவும், நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவும் பெயர் கொடுத்துவிட்டேன். வரிசை வாசிக்க ஆள் வேண்டும் என்று யாராவது தேடிக்கொண்டிருந்தால், ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த வேலைக்கும் வருகிறேன்.

மிக்க அன்புடன்,
செவலையின் மேல் அமர்ந்திருந்தவர்