கே2-18பி: இன்னும் உறுதியாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கே2-18பி என்ற புறக்கோள் (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) பற்றிய தங்கள் கட்டுரையில், அங்கே உயிர்கள் இருப்பது கிட்டத்தட்ட உறுதி என்று எழுதியிருந்தீர்கள். மறுநாள் வேலையிடத்தில் பையன்கள் "அங்க ஆள் இருக்காங்களாமே அண்ணே" என்று என்னிடம் கேட்கும் அளவுக்கு அது பரவிவிட்டது.

நான் சாயப்பட்டறை ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோ பார்ப்பவன். கரைசல் வழியாக ஒளியை விட்டு, எந்த அலைநீளத்தை அது விழுங்குகிறது என்பதை வைத்து உள்ளே என்ன சாயம் என்று சொல்வோம். 124 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இந்தக் கோளிலும் அதைத்தான் செய்கிறார்கள். 33 நாளுக்கு ஒருமுறை அது தன் சிவப்புக் குறுமீனுக்குக் குறுக்கே போகும்போது, விண்மீனின் வெளிச்சம் ஆயிரத்தில் மூன்று பங்கு குறைகிறது. கோளின் விளிம்பில் உள்ள காற்றை ஊடுருவி வரும் ஒளி இதிலும் மிகச் சிறிய பங்கு. அதில்தான் வாயுக்களின் தடத்தைத் தேட வேண்டும்.

இரண்டு பொருள்கள் ஏறக்குறைய ஒரே அலைநீளத்தில் உறிஞ்சினால் வம்பு. இதே கோளில் அது நடந்திருக்கிறது. 2019-இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை வைத்து நீராவி என்றார்கள்; உலகமெங்கும் தலைப்புச் செய்தி. 2023-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தவை மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும்தான். ஹப்பிள் கண்ட ஒளி உறிஞ்சல் மீத்தேனுடையதாக இருக்கலாம் என்றாகிவிட்டது.

அப்புறம் 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவுக்கார மூலக்கூறின் அறிகுறி தெரிவதாகச் சொன்னது. பூமியில் அதைப் பெருமளவு உண்டாக்குபவை கடலின் நுண்பாசிகள். ஆனால் அவர்கள் சொன்னது மூன்று சிக்மா அளவு. ஒரு முடிவு வெறும் தற்செயலாக வந்திருக்காது என்ற உறுதியை அளப்பதுதான் சிக்மா. கண்டுபிடிப்பு என்று ஏற்க ஐந்து சிக்மா வேண்டும். இன்னும் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். சில நாளிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் அதே தரவை எடுத்துப் பார்த்து, வெறும் நேர்கோடே அதற்குப் பொருந்துகிறது, அதாவது எந்த வாயுவின் தடமும் தெளிவாக இல்லை என்றார். உயிரே இல்லாத 67பி வால்நட்சத்திரத்திலும் டைமெத்தில் சல்ஃபைடு தென்பட்டிருக்கிறது என்பது வேறு கதை.

மதுசூதன் இந்தியாவில் பிறந்தவர் என்று கட்டுரையில் இரண்டு இடத்தில் சொன்னீர்கள், சரி. மூன்று சிக்மா என்பதை ஒரு இடத்திலாவது சொல்லியிருக்கலாம். டெய்லரின் மறுஆய்வையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.