மெஷினுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பனில் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 18 வருஷமாக இருக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பித்தப்பைக் கல் என்றால் இப்போது எல்லாருக்கும் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்தான், ரொம்ப நல்ல முறை. ஆனால் அந்தத் துளை வழியாக உள்ளே போகும் கருவியின் உறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒல்லியான கம்பி, நுனியைத் தவிர முழுக்க பிளாஸ்டிக் உறை. டயதெர்மி மெஷினிலிருந்து வரும் கரண்ட் நுனியில் சதையைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும். சுவர் பிளக்கில் வருவது நொடிக்கு 50 முறை அலைகிறது, இது 3 லட்சம் முறைக்கும் மேல், அதனால் ஷாக் அடிக்காது, சுடும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கு அப்புறமும் தேய்த்துக் கழுவி, 134 டிகிரி நீராவியில் வைத்து எடுத்து, மறுபடியும் வயிற்றுத் துளையில் செருகிய குழாய்க்குள் விட்டு உரசினால் உறை எத்தனை நாளைக்குத் தாங்கும்? பெரிய வெடிப்பைவிட ஊசிமுனை ஓட்டைதான் மோசம். கரண்ட் அந்த ஒரு புள்ளியில் குவிந்து பாயும், பக்கத்தில் குடல் இருந்தால் வெந்துபோகும். கேமரா நுனியைத்தான் காட்டும், டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பின்னால் நடப்பது அவர் கண்ணில் படாது.

என் சித்திக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நாலாம் நாள் காய்ச்சல், வயிறு உப்பிவிட்டது, குடலில் ஓட்டை என்றார்கள். கருவிதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. உறையைச் சோதித்தீர்களா என்று கேட்டேன், "கண்ணால் பார்த்தோம்" என்றார்கள், அந்தப் பதில்தான் இன்னும் ஆறவில்லை.

போன மாதம் என் மேஜைக்கு வந்த ஒரு கொக்கிக் கருவியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், புதுசு மாதிரி இருந்தது. உறையில் ஓட்டை இருந்தால் காட்டிக்கொடுக்கும் இன்சுலேஷன் டெஸ்டரின் வளையத்துக்குள் விட்டு மெதுவாக இழுத்தபோது, பிடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி பீப் என்று கத்தியது. அந்த இடத்தை லென்ஸ் வைத்துத் தேடித்தான் புள்ளியைக் கண்டுபிடித்தேன். சோதனைக்கு ஆனது ஒரு நிமிஷம்கூட இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை மெஷினுக்கு லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிகிறதா என்று, பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், சரி. கருவியை ஒவ்வொரு முறையும் கழுவி முடித்து பேக் செய்வதற்கு முன்னால் டெஸ்டரில் விட வேண்டும், எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கும் ஒன்று. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கூடினால், கேஸ் என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் டெக்னீஷியன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்