ஒருவர் விட்டுப்போனார்

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பைத் தமிழ்த் தாய்மார்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரையைப் படித்தேன். ஒருவர் விட்டுப்போய்விட்டார். பிறப்பால் தமிழச்சி இல்லை, அதனால்தானோ என்னவோ.

எங்கள் செம்பூர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்காரர். தூத்துக்குடி மாலுமியைக் கட்டிக்கொண்டு மணிலாவிலிருந்து வந்தவர். கணவர் வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். மூன்று பிள்ளைகளையும் படுக்கையில் கிடந்த மாமியாரையும் தனியாளாகப் பார்த்தார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் 'லோலா'. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் பாட்டி. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். என் பேரனும் அதைப் பழகிக்கொண்டான்.

புளி கரைத்து மீனும் கீரையும் போட்டு 'சினிகாங்' வைப்பார். அது ரசமா, குழம்பா என்று எங்களுக்குள் இருபது வருட வழக்கு. மாமியார் "காரமே இல்லடி" என்பார். ஆனால் இரண்டு கிண்ணம் குடிப்பார்!

புதன்கிழமை தவறாமல் மாஹிம் மாதா கோயிலில் நவநாள் ஜெபம். மணிலாவின் பக்லாரன் கோயிலிலும் அதே சதா சகாய மாதா, அதே புதன்கிழமை. இரண்டு இடத்திலும் 1948இல் தொடங்கியதாம். "ஊர்தான் மாறியது, கிழமை மாறவில்லை அக்கா" என்பார், தூத்துக்குடித் தமிழில்.

வருடம் முழுக்க ஒரு அட்டைப்பெட்டி கட்டிலடியில் இருக்கும். சோப்பு, துண்டு, தங்கை பிள்ளைகளுக்குச் சட்டை என்று சேர்த்து, கிறிஸ்துமஸுக்கு முன் ஊருக்கு அனுப்புவார். கடைசிப் பெட்டி பாதி நிரம்பியிருந்தபோது, போன மாதம் காலமானார். மருமகள்தான் மீதியை நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த முறை அவருக்கும் நாலு வரி ஒதுக்குங்கள். படம் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை