குடும்பம் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் குழந்தைகள் நலப்பணி பற்றிய உங்கள் கட்டுரை, ஒரு குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி அதன் குடும்பமே கூடிப் பேசி முடிவெடுக்கும் குடும்பக் கூட்ட முறையை அரசு கொண்டுவந்த புதுமை என்கிறது. 1989 சட்டத்தில்தான் அது வந்தது, சரி. ஆனால் அதற்கு வழிபோட்டவர்கள் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள். மாவோரித் தலைவர் ஜான் ரங்கிஹாவ் தலைமையிலான குழுவின் 'புவாவோ தே ஆத்தா தூ' அறிக்கை 1986இல் வந்தது. நலத்துறைக்குள்ளேயே இனப்பாகுபாடு ஊறிக் கிடக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன அறிக்கை அது. அதைக் கட்டுரையில் விட்டிருக்கக் கூடாது.

நான் ஆக்லாந்தில் சமூகப்பணியாளர். இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் 'கராக்கியா' என்ற வேண்டுதலோடு தொடங்கும். வந்தவர்கள் தங்கள் மலை, ஆறு, குலம் சொல்லித்தான் பேச ஆரம்பிப்பார்கள். ஒரு பாட்டி என் கையிலிருந்த கோப்புக் கட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. "உன் ஆறு எது?" என்றார். தாமிரபரணி என்றேன், கரையிலுள்ள எங்கள் ஊரைப் பற்றியும் சொன்னேன். அதன் பிறகே, பேரன் ராத்திரியில் யார் வீட்டில் படுக்கிறான், யாரைக் கண்டால் பயப்படுகிறான் என்றெல்லாம் பேச்சு வந்தது.

அப்புறம், தெரிந்ததைச் சொல்லிவிட்டு அதிகாரிகள் அறையை விட்டு வெளியேற வேண்டும். குடும்பம் தனியாகப் பேசி முடிவெடுக்கும். இந்த முறைக்கு உயிரே அந்த நேரம்தான். அதைச் சுருக்கி, முன்பே எழுதிவைத்த திட்டத்தைக் கையெழுத்துக்கு நீட்டும் அலுவலகங்களையும் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

நம் ஊரிலிருந்து இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உறவுக்காரர் பிள்ளையை வாங்கி வளர்ப்பது நமக்குப் புதிதல்ல, அவர்களிடமும் 'ஃபாங்காய்' என்று அந்த வழக்கம் உண்டு. "எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்பது பேச்சைத் தொடங்க உதவும். அவர்களுக்காக முடிவெடுக்கும் உரிமையை அது தராது. நிலத்தைப் பறித்து, பிள்ளைகளையும் அரசு இல்லங்களில் அடைத்த வரலாறு அவர்களுடையது. அந்த இல்லங்களில் நடந்த கொடுமைகளுக்காகப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதே 2024 நவம்பரில்தான். அடுத்த ஆண்டே, மாவோரிக் குழந்தைகள் விஷயத்தில் துறைக்குத் தனிக் கடமைகளை விதித்திருந்த 7ஏஏ சட்டப்பிரிவை நீக்கிவிட்டார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இதைப் பற்றி அடுத்து எழுதும்போது மாவோரி சமூகப்பணியாளர் ஒருவரையே பேச வையுங்கள். தமிழாக்கத்துக்கு நான் உதவுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆக்லாந்து