'பெண்கள் என்ற அளவில்' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு விளையாட்டு இணைப்பில் வரலாற்றின் தலைசிறந்த வீராங்கனைகள் என்று பத்துப் பேரைப் பற்றி வெளியிட்டிருந்தீர்கள். ஆசையோடுதான் எடுத்து உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே ஒரு வரி வந்தது: "ஆண்களோடு ஒப்பிட முடியாது என்றாலும், பெண்கள் என்ற அளவில் இவர்களுடையது பெரிய சாதனை." பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். மீதியை மாலையில்தான் படிக்க முடிந்தது.

நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். சோவியத் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை லாரிசா லாத்தினினாவை நான்காவது இடத்தில் வைத்து, ஒலிம்பிக்கில் 18 பதக்கங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. 2012-இல் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தாண்டும் வரை 48 வருடம் அந்த எண்ணிக்கையை யாருமே எட்டவில்லை என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? யாருமே என்றால் ஆண்களும் சேர்த்துத்தான். 1926-இல் கெர்ட்ரூட் எடெர்லி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தபோது, அவருக்கு முன்னால் கடந்திருந்த ஐந்து பேரும் ஆண்கள். அவர்களில் மிக வேகமானவரைவிட எடெர்லி எடுத்துக்கொண்டது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு. ஐந்து கால்பந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆள், ஆண் பெண் இருபாலரிலும், பிரேசிலின் மார்த்தா. 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடவே தடை இருந்த நாடு அது. இவர்கள் எல்லாம் எந்த அளவில் சாதித்தார்கள் என்று எழுதுவீர்கள்?

இது முதல் தடவையும் இல்லை. 2010 பிப்ரவரியில் டெண்டுல்கர் 200 அடித்த மறுநாள், ஒருநாள் கிரிக்கெட்டில் உலகிலேயே முதல் இரட்டைச் சதம் என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். அந்த ஆட்டத்தை நானும் கைதட்டித்தான் பார்த்தேன், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 1997 டிசம்பரில், மகளிர் உலகக் கோப்பையில், ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 ரன் எடுத்திருக்கிறார். எதிரணி டென்மார்க்தானே என்பார்கள். அதையும் சேர்த்தே எழுதுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் தலைப்பைப் பார்த்த அன்றைக்கே உங்களுக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. 'ஆண்கள்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அந்தத் தலைப்பு சரியாக இருந்திருக்கும்.

பத்திரிகையில் வரும் ஒரு வரி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனையோடு வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். பத்திரிகைகளோ பாதிப் பேர் வழியிலேயே நின்றுவிட்டதாகவும் மற்றவர்கள் சுருண்டு விழுந்ததாகவும் எழுதின. அந்தப் போட்டி ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்தது 1960-இல்.

பள்ளியில் நான் 400 மீட்டர் ஓடினவள். 800-க்குப் பெயர் கொடுக்கப் போனபோது, "அதெல்லாம் பொண்ணுங்களுக்கு ஆகாது, மயங்கி விழுந்துடுவீங்க" என்றார் பி.டி. மாஸ்டர். அந்த ஆம்ஸ்டர்டாம் செய்தியை அவர் படித்திருக்கவே மாட்டார். ஆனால் அவர் சொன்னது அதே செய்திதான். அந்த வருடம் விளையாட்டு விழா முடிந்ததும் பதிவேட்டை அலுவலக அறையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். போகிற வழியில் பிரித்துப் பார்த்தேன். பையன்கள் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் விநாடி, அதற்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் ஓர் எண் என்று நீல மையில் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் முதல், இரண்டு, மூன்று என்று மட்டும் இருந்தது. 'நேரம்' என்று தலைப்பிட்ட கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை அடிக்கோல் வைத்து ஒரே ஒரு கோடு. நான் ஓடினபோது மாஸ்டர் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது, அதை அமுக்கத்தான் இல்லை. அன்றைக்கு எத்தனை விநாடியில் ஓடினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் 26 வருடம் தடகளப் பயிற்சியாளராக இருந்தேன். கடைசியாக ஓடி வருகிற பிள்ளைக்கும் நேரம் எடுத்து, அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தேன்.

நெதர்லாந்தின் தடகள வீராங்கனை ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் பற்றி நீங்கள் எழுதியது ஐந்து வரி. அதில் மூன்று வரி, அவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய் என்பதைப் பற்றி. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. 1948 லண்டனில் 100 மீட்டர், 200 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என நான்கு தங்கம் வாங்கினார். உயரம் தாண்டுதலிலும் நீளம் தாண்டுதலிலும் அப்போது உலக சாதனை அவருடையதுதான். தனிநபர் போட்டிகள் மூன்றுக்கு மேல் ஒரு பெண் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதியால் அந்த இரண்டிலும் அவர் இறங்கவில்லை. லண்டனில் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்ற தாண்டல் 5.7 மீட்டரைத் தொடவில்லை. ஃபேனியின் சாதனை 6.25 மீட்டர். இந்த ஓர் எண்ணைப் போட்டிருந்தால் அவர் யார் என்று படிக்கிற பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும்.

மன்னிப்போ மறுப்போ கேட்டு நான் இதை எழுதவில்லை. போன மாதத் தடகளப் போட்டி முடிவுகளில் ஆண்களின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் ஓடிய நேரம் இருந்தது. பெண்களுக்கு வெறும் பெயர் மட்டும் இருந்தது. இனிமேல் அவர்களுக்கும் நேரத்தைப் போடுங்கள். அரை வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி
(ஓய்வுபெற்ற தடகளப் பயிற்சியாளர்)